மேல் வீட்டு நாற்காலி

தையல் கடையில் யார் சிரித்தாலும் தன்னைப் பார்த்துத்தான் என்று தோன்றி, அக்கா வேலையையே விட்டுவிட்டாள். மேல் வீட்டில் நாற்காலி இழுபட்டால் அதுவும் தன் மேலுள்ள கோபம்தான் என்பாள்.

"அடுத்தவங்க மனசுல இருக்கிறதை நீங்களே முடிவு பண்ணாதீங்க. நேர்ல கேட்டுப் பாருங்க" என்றார் மனநல மருத்துவர்.

அன்று மாலையே மேலே போனோம். அக்கா கதவைத் தட்டினாள். திறக்கவில்லை. உள்ளே யாரோ வந்து நிற்பது தெரிந்தது.

"என் மேல ஏதாவது கோபமாங்க?"

"ஐயையோ!" என்றது ஒரு பெண் குரல். "நீங்கதான் என் மேல கோபமா இருக்கீங்கன்னு நான் பயந்துக்கிட்டு இருக்கேன். நாற்காலிச் சத்தம் தொந்தரவா இருக்கா?"

"கொஞ்சம்" என்று அக்கா சிரித்துவிட்டாள்.

அதன்பின் மேலே சத்தமே இல்லை. அக்கா மறுபடி வேலைக்குப் போனாள். ஒருநாள் வாடகை வாங்க வீட்டுக்காரர் வந்தபோது மேல் வீட்டு அம்மாவைப் பற்றி விசாரித்தோம்.

"எந்த அம்மா? அது பூட்டியே கிடக்கே!" என்று சாவி கொண்டுவந்து திறந்து காட்டினார்.

தரையெங்கும் தூசி. ஒரு காலடித் தடம்கூட இல்லை. நடுவில் ஒரு மர நாற்காலி. அதன் நான்கு கால்களிலும் துவைத்த துணியைச் சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது.

அக்கா குனிந்து ஒரு முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள்.

"பாவம், ரொம்பத்தான் பயந்திருக்காங்க" என்றாள்.