தோளில் செம்மண்

மைசூரு தசரா குஸ்தியில் கோதாவின் செம்மண் முன்வரிசை வரை தெறிக்கிறது. அக்ஷதாவைப் பெண் கேட்க வந்த குருபிரசாத்தைப் பெண்ணின் அப்பா வெங்கடராமன் இங்கே இழுத்து வந்திருக்கிறார். "சம்மதம் சொல்றவரைக்கும் அப்பாவை ஆண்டகனைஸ் பண்ணிடாதே!" என்று அக்ஷதா செய்தி அனுப்புகிறாள். அவன் அந்தச் சொல்லைக் கைபேசியில் தேடுகிறான். பகையைத் தூண்டுவது என்று பொருள். பந்தயத்தில் எதிர்நின்று மோதுவது என்பது அதன் கிரேக்க வேர். கண்ணெதிரே நீலக் கச்சையும் சிவப்புக் கச்சையும் கட்டிய இரண்டு மல்லர்கள் ஒருவர் தோளில் ஒருவர் மண் பூசிவிட்டுப் பாய்கிறார்கள். "நீலம்தானே ஜெயிக்கும்?" என்கிறார் வெங்கடராமன். "சான்ஸே இல்லை சார், சிவப்பு!" கத்திய பிறகுதான் குருபிரசாத் நாக்கைக் கடித்துக்கொள்கிறான். அவர் மெல்லத் திரும்புகிறார். கண்கள் மின்னுகின்றன. காலடியில் கிடக்கும் செம்மண்ணை அள்ளி, அவனுடைய வெள்ளைச் சட்டைத் தோளில் அழுத்திப் பூசுகிறார். "ஹௌதா, அப்படியா? வாங்கோ மாப்பிள்ளை, பாத்துடலாம்!"