கெங்கையம்மன் சொன்ன டாக்டர்

ஆதியம்மாள் அந்த ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. மகன் நீட்டிய கையைப் பட்டென்று தட்டிவிட்டாள். சீட்டு மணலில் போய் விழுந்தது.

"டாக்டரு சொன்னா ஆச்சா? ஆத்தா சொல்லணும்டா! கெங்கையம்மன்கிட்ட பூ கேக்காம உங்கப்பன் இந்தக் குப்பத்தத் தாண்ட மாட்டாரு. நானும் வுட மாட்டேன்!"

வாசுதேவனுக்கு உச்சந்தலை வரைக்கும் கொதித்தது. யாருக்குத்தான் கொதிக்காது? அப்பா தேசப்பனுக்குப் பிராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். செங்கல்பட்டு டாக்டர் பதினைந்து நாளைக்கு முன்பே தெளிவாகச் சொல்லிவிட்டார். "இன்னும் வெளியே பரவலை. எடுத்துட்டா பிழைச்சுக்குவார். ஆனா பழகின கையாப் பார்த்துக் குடுங்க."

அந்தப் பழகின கையைத் தேடி, கல்பாக்கம் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வாசுதேவன் நாயாய் அலைந்தான். கடைசியில் மெட்ராஸில் கண்டுபிடித்தான். இதே ஆபரேஷனை நூறு பேருக்கு மேல் செய்த சர்ஜன். எத்தனை பேர் தேறினார்கள், எத்தனை பேர் தேறவில்லை என்று கேட்டதற்கு மழுப்பாமல் பதில் சொன்ன மனிதர். இன்று சாயங்காலத்துக்குள் போய்ச் சேர்ந்தால் படுக்கை உண்டு. தவறினால் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். மகாபலிபுரத்தில் பஸ் பதினொரு மணிக்கு. இப்போதே மணி பத்து.

தேசப்பனுக்கோ மெட்ராஸ் என்றாலே ஆகாது. அவருடைய அண்ணன் வயிற்று வலி என்று அங்கே போய்ப் பிணமாகத் திரும்பி வந்தவர்.

"பக்தவச்சலம் டாக்டரே வெட்டட்டும்டா. திருக்கழுக்குன்றம்னா பக்கத்துலயே கீது. என் கை ஒடஞ்சப்ப கட்டுப் போட்டவரு. கைராசிக்காரரு."

கைராசியாம்! வாசுதேவன் பல்லைக் கடித்தான்.

"நைனா, நான் நேரா போயி கேட்டேன். இந்த ஆபரேசன் எத்தினி பண்ணிகீறீங்கன்னு. ஒண்ணுன்னாரு. அந்த ஆளு இப்போ எப்டி கீறாருன்னு கேட்டா, வாச்சப் பாத்துகினே எழுந்து போயிட்டாரு!"

"மனுசன் பேச்சக் கேட்டு நான் என்னிக்குடா கட்டுமரம் தள்ளிகீறேன்? புது வலைன்னாலும் ஆத்தாவக் கேட்டுத்தான். என் ஒடம்புக்கும் அப்டித்தான்."

"அப்டிச் சொல்லுய்யா!" என்றாள் ஆதியம்மாள்.

மூன்று பேரும் கோயிலுக்கு நடந்தார்கள். வாசலில் வெயில் சுட்டுப் பொசுக்கியது. குப்பத்திலேயே இருந்த ஒரே செவ்வரளி மரம் அங்கேதான் நின்றிருந்தது. போன வருஷப் புயலில் அது வேரோடு போனதிலிருந்து ஒதுங்க நிழல் கிடையாது. தேசப்பன் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார். காலையிலிருந்து மூத்திரம் சொட்டுச் சொட்டாகத்தான் போகிறது என்று முனகினார்.

ஆதியம்மாள் மடியிலிருந்து இரண்டு பொட்டலங்களை எடுத்தாள். விடிகாலையிலேயே வாழையிலையில் மடித்து நூல் சுற்றி வைத்திருந்தாள்.

"செவ்வரளி வந்தா பக்தவச்சலம் டாக்டரு. வெள்ளை நந்தியாவட்டை வந்தா மெட்ராசு. அப்பறம் யாரும் மூச்சு வுடக்கூடாது. இன்னாய்யா?"

"ஆத்தா மேல சத்தியம்," என்றார் தேசப்பன்.

"யம்மா, இது இன்னா லாட்டரிச் சீட்டா? உசுரும்மா! அவரு உசுரு!"

"வாய மூடுறா! ஆத்தா எதிர்ல நின்னுகினு அபசகுனமா பேசாத!"

அவள் பொட்டலங்களை இரண்டு கையிலும் வைத்துக் குலுக்கி அம்மன் காலடியில் போட்டாள். தேசப்பன் கண்ணை இறுக மூடி, உதட்டுக்குள் ஏதோ வேண்டிக்கொண்டு, தடவித் தடவி ஒன்றை எடுத்தார். நூலைப் பல்லால் கடித்து அறுத்து இலையைப் பிரித்தார்.

வெள்ளை நந்தியாவட்டை.

தேசப்பன் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தாவே போன்னுட்டா. என் சட்டை எங்க கீது?" என்று வீட்டைப் பார்த்து நடந்தார். பதினைந்து நாளாக யார் கெஞ்சியும் அசையாத மனிதர்!

வாசுதேவனுக்குச் சந்தோஷம் வரவில்லை. அடக்கி வைத்திருந்த ஆத்திரமெல்லாம் அம்மா மேல் பாய்ந்தது.

"மயிரிழைல தப்பிச்சிகீறாரு! செவப்பு வந்திருந்தா? சொல்லும்மா! அந்த டாக்டரு கத்திக்கு அவரக் குடுத்துட்டு இங்க உக்காந்து சூடம் கொளுத்திகினு இருந்திருப்பியா? நீயெல்லாம் ஒரு பொண்டாட்டியா?"

ஆதியம்மாள் அம்மன் விளக்கின் திரியைத் தூண்டிவிட்டாள். அது அவன் கோபத்தை இன்னும் கிளறிவிட்டது. மிச்சமிருந்த பொட்டலத்தைப் பாய்ந்து எடுத்து, இலையோடு சேர்த்துக் கிழித்தெறிந்தான்.

அதிலிருந்தும் வெள்ளை நந்தியாவட்டைதான் விழுந்தது.

ஆதியம்மாள் அவசரமாகக் குனிந்து அந்தப் பூவைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். தேசப்பன் திரும்பிப் பார்க்கிறாரா என்று ஒரு தரம் எட்டிப் பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்து எதையோ எடுத்தாள். அந்த ஆஸ்பத்திரிச் சீட்டு. எப்போது பொறுக்கினாளோ தெரியாது. ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டு மகன் கையில் திணித்தாள்.

"ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன். நீ போயி பஸ்ஸப் புடி."