உட்கார ஓர் இடம்

"உள்ள போகும்போது சிரிச்சிட்டுப் போறாங்க, வெளிய வரும்போது முகம் தொங்கிடுது. என் தையல்ல கோளாறா, கண்ணாடில கோளாறா?" என்று கேட்டார் தையல்கடைக்கார அக்கா.

கடையைச் சீரமைத்துத் தர வந்திருந்த இன்டீரியர் டிசைனர், துணி போட்டுப் பார்க்கும் சின்ன அறைக்குள் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"விளக்குலதான் கோளாறு அக்கா. நேரா உச்சந்தலைக்கு மேல இருக்கு. கண்ணுக்குக் கீழ நிழல் விழுது. நல்லா இருக்கவங்களும் பத்து நாள் காய்ச்சல்ல கிடந்த மாதிரி தெரிவாங்க."

மேல் விளக்கை அணைத்துவிட்டு, கையோடு கொண்டுவந்திருந்த மஞ்சள் விளக்கைக் கண்ணாடிக்குப் பக்கவாட்டில் பிடித்தாள். அக்கா தன் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"என்ன மேடம் இது, அஞ்சு வயசு இறங்கிடுச்சே."

"சுவரும் விளக்கும் சும்மா இருக்காது அக்கா. நம்மள ஏதாவது செஞ்சுக்கிட்டேதான் இருக்கும்."

"அப்படின்னா மாடி ரூமையும் ஒரு பார்வை பார்த்துடுங்க."

மாடியறையைத் திறந்ததும் டிசைனருக்குத் தூக்கிவாரிப் போட்டது. நடுவில் குழி விழுந்த பழைய சோபா. ஆடும் காலுக்கு அட்டையை மடித்து முட்டுக்கொடுத்த மேசை, அதன்மேல் டம்ளர் வைத்த வட்டம் வட்டமான கறைகள். சுவர் ஒரு நிறம், ஜன்னல் ஒரு நிறம், திரைச்சீலை இரண்டுக்கும் ஒட்டாத இன்னொரு நிறம். தரையில் தலையணைகள் கிடந்த இடத்திலேயே கிடந்தன.

"இதுல யாராவது குடியிருக்காங்களா?"

"குடி இல்ல. தினம் சாயங்காலம் வருவாங்க, ஒரு மணி நேரம் இருப்பாங்க, போயிடுவாங்க. ரெண்டு வருஷமாச்சு."

டிசைனர் குரலைத் தாழ்த்தினாள். "சின்ன வீடு சமாச்சாரமா?"

"சீச்சீ. அப்படி இருந்தா நான் சாவி குடுப்பேனா? சும்மா உட்கார வர்றாங்க."

"உட்காரவா?"

"ஆமா. காலைத் தூக்கி மேசை மேல போட்டுக்கிட்டு, பிஸ்கட்டைக் கொறிச்சுக்கிட்டு. நானும் ஒருநாள் கேட்டுட்டேன், வீடு வாசல் இல்லையான்னு. 'பெரிய வீடு இருக்கு அக்கா, உட்காரத்தான் இடமில்ல'ன்னாங்க."

"சாமானை அடைச்சு வெச்சிருப்பாங்க, பாவம்."

"சாமானே கிடையாதாம் மேடம். எல்லாம் வெள்ளை வெளேர்னு இருக்குமாம். தண்ணி குடிச்சுட்டு டம்ளரை வெச்ச கை எடுக்கறதுக்குள்ள, அந்த இடத்தைத் துடைச்சாகணுமாம். வாய்விட்டுச் சிரிச்சா எதிரொலிக்குமாம். அதுக்குப் பயந்து சிரிக்கறதையே விட்டுட்டாங்களாம். இங்க வந்துதான் சிரிக்கிறாங்க. தையல் மிஷின் சத்தத்தையும் தாண்டிக் கீழ கேக்கும்."

டிசைனர் பேச்சு வாக்கில் தரையிலிருந்த தலையணைகளை எடுத்துத் தட்டி, சோபாவின் மேல் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக நேராக நிறுத்தினாள்.

"யார் அக்கா அந்த வீட்டைக் கட்டி மேய்க்கறது? வாசப்படி தாண்டினதும் தோள் தானா தளரணும். அது நடக்கலைன்னா அது வீடே இல்ல, கடையோட ஷோகேஸ். அட்ரஸ் குடுங்க, நானே போய் நாலு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்."

"அட, அடுத்தவங்க வீட்டு வம்பு நமக்கெதுக்கு? நீங்க இந்த ரூமைச் சரி பண்ணிக் குடுங்க. பெயின்ட் அடிச்சு, நல்ல சோபாவா ஒண்ணு போடலாம்னு பார்க்கறேன். தங்கமான மனுஷங்க. வசதி பத்தலைன்னு வேற இடம் போயிடக் கூடாது."

அளவெடுக்கும் டேப்பை இழுத்தபடி டிசைனர் சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். குழி அவளை உள்ளே இழுத்துக்கொண்டது. முதுகு தானாகப் பின்னால் சாய்ந்தது. காலையிலிருந்து இறுக்கிப் பிடித்திருந்த ஏதோ ஒன்று கழுத்துக்குப் பின்னால் அவிழ்ந்தது. இத்தனை நிறங்களும் சேர்ந்து கண்ணை உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை. எழுந்திருக்க மனம் வரவில்லை.

"எதை மேடம் மாத்தலாம்?"

"எதையும் மாத்தாதீங்க" என்றாள். பதினைந்து வருடத் தொழிலில் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே இல்லை. சொன்ன பிறகு அவளுக்கே அதிர்ச்சியாக இருந்தது.

அக்கா சிரித்தார். "இதைச் சொல்லவா உங்களைக் கூப்பிட்டேன்?"

"நிஜமாத்தான் சொல்றேன் அக்கா. இந்த இடத்தைக் கண்டுபிடிச்சவங்களுக்குத் தனக்கு என்ன வேணும்னு தெரிஞ்சிருக்கு. எனக்கே அவங்களைப் பார்க்கணும் போல இருக்கு."

"அதுக்கென்ன, வர்ற நேரம்தான்."

அவர் வாய் மூடவில்லை, மாடிப்படியில் பேச்சுக் குரல் கேட்டது. டிசைனர் அவசரமாக எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு நின்றாள்.

"இவங்கதான் மேடம் நான் சொன்னவங்க" என்றார் அக்கா. "அப்பாவும் பொண்ணும்."

வாசலில், கையில் பள்ளிக்கூடப் பையோடு அவளுடைய கணவர் அப்படியே உறைந்து நின்றார்.

அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த மகளின் முகம் மட்டும் மலர்ந்தது. ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ரகசியம் போலக் கேட்டாள்:

"அம்மா, உனக்கும் நம்ம வீட்டுல உட்கார முடியலையா?"