குனிந்து போகும் இடம்

வடமதுரைப் பக்கம் புறவழிச்சாலை போடுவதற்கு முன், மண்ணுக்கடியில் ஏதாவது இருக்கிறதா என்று தோண்டிப் பார்க்க வந்திருந்தாள் தொல்லியல் ஆய்வாளர் அல்போன்சா. கிடைத்தது எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு குடியானவன் வீட்டின் அடித்தளம். கணுக்கால் உயரத்துக்கு ஒரு வரிசைக் கல். வாசல் இருந்த இடத்தில் ஓர் இடைவெளி. மேலே வெறும் வானம்.

மண் சுமந்த பெண்கள் அந்த இடைவெளிக்கு வந்ததும் தலைச்சட்டியை இடுப்புக்கு இறக்கி, குனிந்து கடந்தார்கள்.

"ஏன் குனியிறீங்க?" என்று கேட்டாள் அல்போன்சா.

"நிமிந்து போனா இடிக்கும்ல மேடம்" என்றாள் கருப்பம்மாள்.

சாலை இன்ஜினியர் ரொனால்டு வந்தார். "இந்த ஒத்த வரிசைக் கல்லுக்கா மேடம் வேலைய நிறுத்தி வச்சிருக்கீங்க?" என்று அந்த இடைவெளி வழியாக விறுவிறுவென உள்ளே நடந்தவர், நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். விரலிடுக்கில் ரத்தம். முடியில் பனையோலைத் துணுக்கு. யாரும் சிரிக்கவில்லை. "பாத்து வரப்படாதா தம்பி" என்று கருப்பம்மாள் தண்ணீர் கொடுத்தாள்.

சுவரோ வாசல் நிலையோ எதுவும் எஞ்சவில்லை என்று அல்போன்சா அறிக்கை எழுதினாள். கண்ணால் பார்த்ததைத்தானே எழுத முடியும்? குழியை மூடினார்கள். சாலை வந்தது.

போன வாரம் அந்த வழியாக பஸ்ஸில் போனாள். முன்னால் பைக்கில் போனவர்கள் ஓரிடத்தில் ஒருவர் பின் ஒருவராகத் தலை குனிந்தார்கள். பிறகு பஸ்ஸில் நின்றவர்கள், பேச்சை நிறுத்தாமலே குனிந்தார்கள். அல்போன்சாவும் குனிந்திருந்தாள். பக்கத்தில் நின்ற பெண், தோளில் தூங்கிய குழந்தையின் உச்சந்தலையைக் கையால் பொத்திக்கொண்டாள்.