வளைஞ்ச வைப்பர்

"இது தானா வளையேல்லை அன்ரி. ஆரோ பிடிச்சு இழுத்திருக்கினம்."

வைப்பர்க் கையைத் தட்டி நிமித்திக்கொண்டு றிஸ்லான் சொன்னான். அவன்ர வாப்பாவும் மெக்கானிக்தான். அவர் ஹோர்னைத் திருத்தினால் லைட் எரியாது. பெடியன் அப்பிடியில்லை, நல்ல வேலைகாரன். மோட்டரைப் பாத்தான், பியூஸைப் பாத்தான், எல்லாம் நல்லம். வைப்பர் மட்டும் கண்ணாடியில முட்டாமல் வானத்தைப் பாத்துக்கொண்டு நிக்குது. இது மூண்டாந்தரம்.

கார் அகஸ்ரினாவின்ர. மகள் நிறஞ்சலா நிறைமாசம். மாரியும் துவங்கப் போகுது. கொட்டுற மழைக்க மன்னார் ஆஸ்பத்திரிக்கு ஓடுறதெண்டால் ஒழுங்கையில நிக்கிற இந்தக் கிழட்டுக் கார்தான். விடத்தல்தீவில தங்கச்சியின்ர கலியாணத்தண்டு பொம்பிளை மாப்பிளையையே இறக்கித் தள்ளவிட்ட கார். சரி, அந்தக் கதை கிடக்கட்டும்.

"உங்களோட ஆருக்கு அன்ரி கோவம்?"

"வேற ஆர், பக்கத்து வளவு ஏரம்புதான். என்ர ஆடு தன்ர மரவள்ளியைத் திண்டதெண்டு கத்தினவனெல்லே."

அண்டைக்கே கிணத்தடிப் படலைக்குப் பூட்டுப் போட்டாள். ஏரம்பு இந்தியா அகதி முகாமால திரும்பி வந்த நாள் துவக்கம் அவளின்ர கிணத்திலதான் குடிக்கத் தண்ணி அள்ளினவன். அவன்ர கிணறு உவர்.

அதுக்குப் பிறகு வைப்பர் வளையவேயில்லை.

"பாத்தியோடி? பூட்டு விழுந்த உடன கள்ளன்ர கையும் அடங்கிற்றுது."

"அம்மா, ஏரம்பண்ணை நேற்று உங்களைப் படலையில நிண்டு கூப்பிட்டவர்."

"கூப்பிடுவான். பூட்டின்ர திறப்புக் கேக்கத்தான். நான் திரும்பியும் பாக்கேல்லை."

ஒரு நாள் விடிய, கோயில்ல செபத்துக்குத் திருந்தாதி மணி அடிக்குது. ஒழுங்கைப் படலையைத் திறந்தவள் அப்பிடியே நிண்டிட்டாள். காரடியில ஏரம்பு. கை வைப்பரில.

"பிடிச்சிட்டனடா! இப்ப என்ன சொல்லப் போறாய்?"

ஏரம்பு துள்ளித் திரும்பினான். அவனுக்குப் பின்னால தெருவில திரியிற ரெண்டு கழுதை, கண்ணாடியைப் பாத்து நாக்கை நீட்டிக்கொண்டு.

"உதுகள்தான் அக்கா! கடல்காத்துக்குக் கண்ணாடியில உப்புப் படியுதெல்லே. அதை நக்க வந்து வைப்பரைப் பல்லால இழுக்குதுகள். நீங்கள் பூட்டுப் போட்ட அடுத்த நாள் விடியதான் கண்டனான். சொல்ல வந்தால் நீங்கள் முகம் குடுக்கேல்லை. அதுதான் ஒவ்வொரு நாளும் விடிய வந்து உப்பைக் கழுவி விடுறன். பிள்ளையும் நிறைமாசமெல்லே, மழைக்க என்ன செய்வியள்?"

அகஸ்ரினாவின்ர இடுப்பில சொருகின திறப்புக் குத்திச்சுது. கண் போய் அவன்ர காலடியில கிடந்த தண்ணி வாளியில நிண்டுது.

ஏரம்பு அந்தப் பார்வையைக் கண்டு பதறிப்போனான்.

"ஐயோ அக்கா, இது உங்கட கிணத்துத் தண்ணியில்லை. கோயில் பைப்பில பிடிச்சுக்கொண்டு வந்தனான்."