ஊசிக்கு முன் கழற்றியது

"தாலி என்பது கழுத்தில் மாட்டிய விலங்கு, கழற்றி எறியுங்கள் தாய்மார்களே!" என்று முப்பத்தொரு ஆண்டுகளாக மேடைதோறும் முழங்கியவர் நாவேந்தர் செம்பரிதி. மனைவி சௌந்தரம் மட்டும் கழற்றவில்லை. "எங்கள் வீட்டில் கருத்துச் சுதந்திரம் உண்டு" என்று சொல்லி அதற்கும் கைதட்டல் வாங்கிவிடுவார். இன்று ஸ்கேன் அறை வாசலில் நர்ஸ் இரண்டே சொற்களில் காரியத்தை முடித்தாள்: "செயினைக் கழட்டுங்கம்மா." சௌந்தரத்தின் தைராய்டில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. டாக்டருக்கு அதன்மேல் சந்தேகம். ஊசியால் கொஞ்சம் உறிஞ்சிப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டுமாம். தாலிச் சங்கிலியைக் கணவரின் கையில் வைத்துவிட்டு அவள் உள்ளே போனாள். அதில் அவள் கழுத்தின் சூடு இன்னும் இருந்தது. சட்டைப்பையில் போட மனம் வராமல் உள்ளங்கையில் ஏந்தியபடியே நின்றார். எதிரில் உட்கார்ந்திருந்தவர், "ஐயா, நீங்க மேடையில பேசுறவருதானே?" என்று கேட்டார். "இல்லைங்க" என்றார் செம்பரிதி. பத்து நிமிடத்தில் சௌந்தரம் கழுத்தில் பஞ்சை அழுத்தியபடி வந்தாள். "ரிசல்ட் வெள்ளிக்கிழமையாம்." அவர் அவள் பின்னால் போய் நின்று, சங்கிலியைப் போட்டுக் கொக்கியை மாட்டப் பார்த்தார். முடியவில்லை. "வீங்கியிருக்குங்க, உரசும். நீங்க ஆசைப்பட்ட மாதிரி ஒருநாளாவது வெறுங்கழுத்தா இருந்துட்டுப் போறேனே" என்று சிரித்தாள். "பேசாத சௌந்தரம். கழுத்தை ஆட்டாம நில்லு" என்றார். அவள் ஆடாமல்தான் நின்றுகொண்டிருந்தாள்.