படகு விளிம்பில் ஒரு பாட்டு

ஏரித் தண்ணீர் காலை வெயிலில் புதுத் தகரமாய்க் கண்ணைக் கூசவைக்கிறது. வலையை வளைத்துப் போட்டாயிற்று. இனிச் சத்தம் போட்டு மடவை மீன்களை அதற்குள் விரட்ட வேண்டும். தேவேந்திரன் இரண்டு கட்டைகளால் படகின் விளிம்பை அடிக்கிறான். வலைக்கயிற்றைப் பிடித்திருக்கும் அவன் மனைவி அர்ச்சனா அந்தக் கைகளையே பார்க்கிறாள். முதலில் வெறும் டமடமதான். அப்புறம் முழங்கை தானாக எகிறுகிறது, குதிகால் அடித்தட்டை உதைக்கிறது, மனசால் அவன் மீஞ்சூரின் பாழடைந்த ஷெட்டுக்குள் டிரம்ஸ் முன்னால் போய் உட்கார்ந்துவிடுகிறான்: வியர்வை, கிழிந்த ஸ்பீக்கர், ஆட்டத்தில் மேலே வந்து விழும் பசங்க, நரம்பு புடைக்கக் கத்திப் பாடும் பால்ராஜ். அவர்களுடைய மெட்டல்-பங்க் ராக் பேண்ட், அவன் இப்போது அடிக்கும் இந்தப் பாட்டை ஒருநாளும் முழுசாக வாசித்ததில்லை. பாதியில் யாராவது சண்டைக்கு வந்து ப்ளக்கைப் பிடுங்கிவிடுவார்கள். பால்ராஜ் செத்ததும் பேண்டும் போய்ச் சேர்ந்தது. மிதவைகள் முங்குகின்றன, மடவைகள் துள்ளுகின்றன. எப்போதும் ப்ளக் பிடுங்கப்பட்ட அதே இடத்தில் அவன் கட்டைகள் நின்றுபோகின்றன.

"இன்னாயா நிறுத்திட்ட?"

"வலை ரொம்பிடுச்சு. தூக்கலன்னா மீனு துள்ளிப் பூடும்."

"போனது போவட்டும்." அர்ச்சனா கயிற்றை இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்கிறாள். "நான் புடிச்சிக்கினு கீறேன். நீ பாட்ட முடி."